மாமியார் வந்திருக்காங்க

கொசு அன்று காலை சலவைக்கூடத்துக்குள் நுழைந்தபோது அவன் கையில் வழக்கமான விசில் இல்லை. சுருட்டிய வாரப் பத்திரிகை ஒன்று இருந்தது. அதை முதலில் பார்த்தது அக்காதான்.

கொசு என்பவன் அங்கே மேஸ்திரி. பெற்றவர்கள் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள், பாவம். ஆனால் நாள் முழுக்கக் காதோரம் ரீங்காரம் போடுகிற ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அவர்களுக்கு எங்கே கிடைத்திருக்கும்? அக்கா என்பவள் அங்கே எல்லோருக்கும் அக்கா. கொசுவும் அப்படித்தான் கூப்பிடுவான், திட்டும்போதுகூட.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்து அனுப்புகிற இடம் அது. நடுவில் உருளை மெஷின். ஆளைவிட நீளமான இரும்பு உருளை, உள்ளே நீராவி. இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் முனைகளை இழுத்துப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சுடச்சுட வருவதை வாங்கி மடிக்க வேண்டும். இங்கே அக்காவும் நெட்டையும். அங்கே சிட்டுவும், வாயைத் திறக்காத ஒரு விதவையும். அந்த வெக்கையில் நின்றால் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் சுற்றுகிறது என்று ஒருத்தி உட்கார்ந்துவிட்டால் மறுநாள் அவளைக் கேட்டுக்குள் விடமாட்டார்கள். ‘உடம்புக்கு ஆகாதவங்க வேலைக்கும் ஆகாதவங்க’ என்பது கொசு தினமும் பாடுகிற பாட்டு.

அதனால்தான் அந்தப் பேச்சு உண்டாயிற்று. எப்போதோ ஒருத்தி, “கண்ணை இருட்டுதுடி, மாமியார் வந்து நின்ன மாதிரி” என்று சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. “மாமியார் வந்திருக்காங்க” என்று யாராவது சொன்னால், பக்கத்தில் இருப்பவள் இரண்டு முனைகளையும் தானே பிடித்துக்கொள்வாள். சொன்னவள் ஈரத்துணித் தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் போய்க் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிவிட்டு வருவாள். கொசுவுக்கு இதெல்லாம் பொம்பளைகள் பேச்சு. “உங்க மாமியாருங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று அவனே பல நாள் சிரித்திருக்கிறான்.

இனி எழுத்துக்காரி. அவள் அக்காவின் தம்பி மனைவி. நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே அடுப்படியில் முடியைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கிறார்களே என்று அக்கம்பக்கத்தில் கண் வைக்காதவர்கள் இல்லை. காரணம் வேறு ஒன்றுமில்லை. அக்காவுக்குப் பேச வேண்டும், அவளுக்குக் கேட்க வேண்டும். சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே, “அப்புறம் என்ன ஆச்சுக்கா?” என்பாள். அக்கா கொட்டித் தீர்ப்பாள். அந்தப் பேச்சுதான் இப்போது வாராவாரம் தொடர்கதையாக வந்துகொண்டிருந்தது. கூலிக்கு நிற்பவர்களின் கஷ்டத்தை இப்படி யாரும் எழுதியதில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

அதில் ஜாக்கிரதைக்கும் குறைவில்லை. சலவைக்கூடத்தைச் சாயப்பட்டறை ஆக்கினாள். நெட்டையைக் குள்ளச்சி ஆக்கினாள். கொசுவை ஈ ஆக்கினாள். பெயர், முகம், ஊர் எல்லாவற்றையும் மாற்றினார்கள், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து. மாமியார் பேச்சை மட்டும் மாற்றத் தோன்றவில்லை. அது ரகசியம் என்பதே இருவருக்கும் உறைக்கவில்லை. அக்காவுக்கு அது தினமும் வாயில் புழங்குகிற வார்த்தை. எழுத்துக்காரிக்கு அது கிடைக்காமல் கிடைத்த வைரம். கேட்ட அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தாளே, அப்போதாவது அக்காவுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா?

கொசு வழக்கமாக ஓரிடத்தில் நிற்கமாட்டான். இன்று ஸ்டூலை இழுத்து மெஷினுக்கு எதிரே போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். பத்திரிகை மடியில் கிடந்தது. மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, மிகவும் பிரியமாகக் கேட்டான்.

“என்னக்கா, இன்னைக்கு யாரோட மாமியாரும் வரலையா?”

அக்காவின் கையில் விரிப்பு ஒரு நொடி நின்றது. சொன்னது யார் வாய், எழுதியது யார் கை, அவன் எதைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான் என்பதெல்லாம் அந்த நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது.

“வரல தம்பி” என்றாள்.

“வருவாங்க, வருவாங்க. நானும் ஒரு நாளாவது பாக்கணுமில்ல?”

அக்கா எதிர்ப்பக்கம் பார்த்தாள். உருளையிலிருந்து கிளம்பிய ஆவிக்கு அப்பால் சிட்டுவின் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. சிட்டு மாசமாக இருந்தாள். அந்தக் கூடத்தில் அது இந்த மெஷினில் நிற்கிற நான்கு பேருக்கு மட்டுமே தெரியும். தொளதொளவென்று புருஷனின் பழைய சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டு, பிரசவச் செலவுக்காவது ஆகட்டும் என்று பல்லைக் கடித்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அவளுக்கு மாமியார் வராமல் இருந்ததில்லை. இன்று வாயைத் திறந்தால் தீர்ந்தது.

அக்கா அடுத்த விரிப்பை உதறுகிற சாக்கில் நெட்டையின் காதருகே குனிந்தாள்.

“மாமியார் பேச்சை எடுக்காதே. அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“எப்படி?”

“அப்புறம் சொல்றேன்.”

“எப்படிக்கா?” நெட்டை விடவில்லை.

“என் தம்பி பொண்டாட்டி எழுதிட்டா. நான்தான் சொன்னேன்.”

நெட்டை அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. முனையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டாள்.

இனி சிட்டுவுக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? நடுவில் இரும்பு உருளை. சுற்றிக்கொண்டு போகலாமென்றால் ஸ்டூலைத் தாண்டித்தான் போக வேண்டும். கத்தினால் அவனுக்குத்தான் முதலில் கேட்கும். கண்ணால் ஜாடை காட்டினாள். சிட்டு தலையைக் குனிந்தபடியே மடித்துக்கொண்டிருந்தாள், அண்ணாந்தால் விழுந்துவிடுவோமோ என்று பயந்த மாதிரி. விதவை பார்த்தாள். ஆனால் அவளுக்கு ஜாடை புரியவில்லை. முந்தானை விலகியிருக்கிறதோ என்று சரிபார்த்துக்கொண்டாள். அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கொசு பத்திரிகையைப் பிரித்து ஒரு பக்கத்தைத் தடவினான். “இதுல ஒருத்தி மாசமா வேற இருக்காளாம்” என்றான், யாரிடமோ சொல்வதுபோல. அவன் பார்வை நான்கு வயிறுகளையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போயிற்று.

அக்காவுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. விரிப்பைச் சரியாக விரிக்காமல் கொத்தாகக் கொடுத்தால் உருளையில் சுற்றிக்கொண்டு மெஷின் நின்றுவிடும். கொசு வந்து நீராவியை மூட வேண்டும், துணியைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். உதவி செய்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விடலாம். அத்தனை வருஷத்தில் அவள் கையால் மெஷின் ஒரு தடவைகூட நின்றதில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அடுத்த விரிப்பைக் கொத்தாக உள்ளே தள்ளினாள்.

உருளை முனகியது, திணறியது, நின்றது.

அக்கா ஓடினாள். ஆனால் அவள் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மெஷின் நின்றதும் கூடமே அமைதியாகிவிட்டது. காலையிலிருந்து அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய சிட்டு, அக்கா தன்னை நோக்கி வருவதைப் பார்த்த ஆசுவாசத்தில், அதே குரலில் சொன்னாள்.

“அக்கா, மாமியார் வந்திருக்காங்க.”

மூலையில் துணி பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குக்கூட அது கேட்டது. சிட்டு விதவையின் தோளில் சாய்ந்தாள்.

கொசு அவசரப்படவில்லை. முதலில் நீராவியை மூடினான். பிறகு பத்திரிகையை எடுத்துக்கொண்டு வந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கிற மாதிரி உரக்கப் படித்தான்.

“‘மாமியார் வந்திருக்காங்க என்றாள் அவள். அதன் பொருள் அங்கிருந்த பெண்கள் எல்லோருக்கும் தெரியும், ஈ ஒருவனைத் தவிர.’ ” நிமிர்ந்தான். “ஈ நான்தானே? காதுல முடி வளர்ந்திருக்குன்னு வேற எழுதியிருக்கா. என் சம்சாரம் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறா.”

அவன் காது சிவந்திருந்தது. பெண்களை வாட்டி எடுக்கிறான் என்று அத்தியாயம் அத்தியாயமாக வந்திருக்கிறது. அதெல்லாம் அவனைச் சுடவில்லை, காதுமுடிதான் சுட்டிருக்கிறது.

“இது எப்படி வெளிய போச்சு? இங்க யாரோ ஒருத்தி வாய் வெச்சிருக்கா. அவ யாருன்னு சொல்லுங்க. இந்தப் பொண்ணு மயங்கினதை நான் பாக்கவே இல்லைன்னு விட்டுடறேன். சொல்லலன்னா இவளும் போகணும், நான் சந்தேகப்படறவளும் போகணும்.” நெட்டையிடம் திரும்பினான். “டீ குடிக்கிற நேரத்துல புத்தகமும் கையுமா உக்காந்திருக்கிறவ நீதானே?”

நெட்டை கையிலிருந்த ஈர விரிப்பைக் கீழே வைத்தாள். அக்கா இருந்த பக்கம் அவள் கண்கூடப் போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் நெட்டை தலையில் விடிந்துவிடும் என்பது அக்காவுக்குத் தெரிந்தது. சும்மா இருக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆமாம், நினைத்தாள். தம்பி வேலை போய் வீட்டோடு கிடக்கிறான், எழுத்துக்காரிக்குப் பேரும் புகழும் வருகிறதே தவிர அரிசி வருவதில்லை, வீட்டில் அடுப்பு எரிவது அக்காவின் கையால்தான். நினைக்காமல் இருக்க அவள் என்ன மகாத்மாவா?

“நெட்டையை விடு தம்பி. நான்தான் சொன்னேன்” என்றாள். “எழுதினது என் தம்பி பொண்டாட்டி.”

கொசு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனே இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

“நீயாக்கா? உன்னை நான் என்னிக்காவது மரியாதைக் குறைவா பேசியிருக்கேனா?”

“என்னைப் பேசினது இல்ல. சொன்ன மாதிரி சிட்டுவை விட்டுடு.”

“நான் விடறேன். மேனேஜரும் இதைப் படிச்சுட்டாரே, அவர் விடணுமில்ல?” பத்திரிகையைச் சுருட்டினான். “வயித்துப்பிள்ளைக்காரி இங்க விழுந்து ஏதாவது ஆச்சுன்னா அதையும்தான் எழுதுவீங்க. ரெண்டு பேரும் கிளம்புங்க.”

விதவை வாயைத் திறந்தது அப்போதுதான். “தண்ணியாவது குடிச்சுட்டுப் போகட்டும்” என்றாள். அதற்குக்கூட அவன் அவர்களைக் கேட்டுக்கு வெளியே இருந்த குழாய்க்குத்தான் போகச் சொன்னான்.

சிட்டுவை அந்த நிலையில் தனியாக அனுப்ப அக்காவுக்கு மனசு வரவில்லை. கைத்தாங்கலாகத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். வழியெல்லாம் சிட்டு அழவும் இல்லை, திட்டவும் இல்லை. தலைகுனிந்து நடந்தாள். அதுதான் அக்காவைப் பிடுங்கித் தின்றது.

எழுத்துக்காரி ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்த வாரத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். வேளைகெட்ட வேளையில் நாத்தனாரையும், கூட வந்த பெண்ணையும் பார்த்ததும் எழுந்துவிட்டாள். அக்கா உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க எழுத்துக்காரியின் முகத்தில் ரத்தமே இல்லை.

“நிறுத்திடறேன்க்கா. இந்த வாரத்தோட கதையை நிறுத்தச் சொல்லிடறேன்.”

“நிறுத்தினா? அவன் படிச்சது படிச்சதுதானே.” அக்காவுக்கு அப்போதுதான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “நீ எழுதினதுல ஒரு வரி பொய்யிருந்தா உன் முடியைப் பிடிச்சு உலுக்கியிருப்பேன். ஒரு வரி இல்லியே. எல்லாம் என் வாயில வந்ததுதானே. நான் யாரைப் போய்த் திட்டறது?”

எழுத்துக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்பது தோள் குலுங்குவதில் தெரிந்தது. தொடர்கதையைப் படித்துவிட்டு முகம் தெரியாதவர்களெல்லாம் அழுகிறார்கள் என்று போன வாரம்தான் அவள் சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள்.

சிட்டு சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தாள். நன்றாக மூச்சு வந்ததும் எழுத்துக்காரியை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தக் கதையில வர்ற பொண்ணு நானாக்கா?”

“உன்ன மாதிரி ஒரு பொண்ணும்மா.”

“அவளுக்கும் வேலை போயிடுதா?”

எழுத்துக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போகுது. ஆனா கடைசியில எல்லாப் பொண்ணுங்களும் சேர்ந்து வேலையை நிறுத்தறாங்க. முதலாளி இறங்கி வந்து அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கறாரு. குழந்தையும் நல்லபடியா பொறக்குது.”

“அது எப்ப வரும்?”

“இன்னும் பல வாரம் ஆகும்.”

சிட்டு வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

“அதை முதல்ல போட்டுட்டு, இதை அப்புறமா போட்டிருக்கலாமேக்கா” என்றாள்.

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.