கடலில் ராகு காலம் கிடையாது

எங்கள் விமான நிலையத்துக்கு ஓடுபாதை ஒன்று, எஜமானர்கள் இரண்டு பேர். பகல் ஒரு மணி வரை பயணிகள் விமானம். அதற்கு மேல் கடற்படையின் பயிற்சி விமானங்கள். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, சுற்றிலும் மரவள்ளிக் காடு. இங்கே எதற்குக் கடற்படை என்று என்னைக் கேட்காதீர்கள். நான் விமானக் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்சிலியா, அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை, வந்து நின்ற விமானம் சென்னைக்குத் திரும்பும்போது நானும் அதில் போக வேண்டும். என் மகள் சோபியாவுக்கு மாலையில் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். படிப்புக்காக அப்பாவோடு சென்னையில் இருக்கிறாள். அவள் பிறந்தநாளுக்கும் நான் போகவில்லை. "வருவியாம்மா, இல்ல இதுக்கும் டூட்டியா?" என்று கேட்டாள். வருகிறேன் என்று சத்தியம் செய்தேன்.

எல்லாரும் இறங்கினார்கள், ஒருவரைத் தவிர. பணிப்பெண் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நானே உள்ளே ஏறினேன். வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் மடியில் பையோடு, பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார். பெயர் சுப்பையன். திருச்செங்கோட்டுக்காரர், வடக்கே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கிறாராம்.

"ஏனுங்க ஐயா, இறங்கலீங்களா?"

"ராகு காலமுங்க அம்மணி. ஒன்றரைக்கு எறங்கிக்கறனுங்க. பேரன் பொறந்திருக்கான், மொத மொதலாப் பாக்கப் போறேன். கெட்ட நேரத்துல மண்ணுல கால் வெக்கலாமுங்களா?"

"கிளம்புறதுக்குத்தானுங்களே ராகு காலம் பாப்பாங்க?"

"இங்கிருந்துதானுங்க மக ஊட்டுக்குக் கெளம்பறேன்!"

பதிலைத் தயாராக வைத்திருக்கிறார் மனுஷன்! எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரு மணிக்குள் கிளம்பாவிட்டால் விமானம் இங்கேயே கிடக்கும், நானும் கிடப்பேன். காவலர்களைக் கூப்பிட்டால் பஞ்சாயத்து முடியவே பொழுது போய்விடும்.

ஜன்னலுக்கு வெளியே கடற்படைக் கொடி தெரிந்தது. மாதாவே, மன்னித்துக்கொள்.

"ஐயா, இது மண்ணே இல்லீங்க. முழுக்கக் கடற்படை இடம். கணக்குப்படி பாத்தா கடல். வெளிவாசலைத் தாண்டினாத்தான் உங்க ஊர் மண்ணு."

எட்டிக் கொடியைப் பார்த்தார். "அப்ப வாசல் வரைக்கும் தோஷமில்லீங்களா?"

"ஒரு சொட்டுக்கூட இல்லீங்க."

இறங்கிவிட்டார். வெளிவாசலின் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே பையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் மருமகன் யோகேஷ் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட, இவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

வாசல் பக்கத்து அலுவலகத்தில் டூட்டியை ஒப்படைத்துவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு விமானத்தை நோக்கி ஓடினேன். பார்த்துவிட்டார். குறுக்கே வந்து நின்றார்.

"எங்கீங்க அம்மணி? ராகு காலம் இன்னும் முடியலீங்களே! இப்பக் கெளம்பாதீங்க சாமி, சொன்னாக் கேளுங்க!"

"விடுங்கய்யா! சாயங்காலம் கோயில்ல என் பொண்ணுக்குப் புதுநன்மை. வாசலையே பாத்துட்டு நிப்பா. இதை விட்டா எனக்கு வேற பிளேன் இல்ல!" கத்தியேவிட்டேன். கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

அவர் முகம் மாறிவிட்டது. "அட, புள்ளையப் பாக்கப் போறீங்களா! அதுக்கு ஏதுங்க ராகு காலம்? ஓடுங்க சாமி, ஓடுங்க!"

நான் ஓடவில்லை. அவரையே பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு மஞ்சள் கோட்டைப் பார்த்தார்.

"மாப்ள, வண்டிய எடுங்க!" என்று கத்திக்கொண்டே, பையைக்கூட எடுக்காமல் கோட்டைத் தாண்டி ஓடினார்.