மூன்றாவது சாவி

பூட்டுக்காரருக்குத் திறக்காத பூட்டு கிடையாது. சாவியைக் காருக்குள் விட்டுப் பூட்டிவிட்டு நடுரோட்டில் கையைப் பிசைகிறவர்கள், பீரோ சாவியைத் தொலைத்துவிட்டு ஒருவரை ஒருவர் முறைக்கிற தம்பதிகள், எல்லோருக்கும் அவர்தான் தெய்வம். முப்பது வருஷத் தொழிலில் ஒரே ஒரு கதவுதான் அவரை மண்ணைக் கவ்வ வைத்தது. அதற்குப் பூட்டு மாட்டியதும் அவர்தான்.

கதவுக்கு உள்ளே இருந்தது அவருடைய மகன். வயது இருபத்திரண்டு. பிறவியிலேயே அவனுக்கு மூளை வளர்ச்சி கொஞ்சம் நிதானம். எதையும் நூறு தடவை சொன்னால்தான் மண்டையில் ஏறும். ஏறிவிட்டால் பிறகு யார் வந்து இறக்கினாலும் இறங்காது. வீட்டில் அவனுக்கு இன்ஸ்பெக்டர் என்று பட்டப்பெயர்.

செடி விற்கும் கடையில் தொட்டிகளுக்கு மண் நிரப்பும் வேலைக்குப் போய் ஒரு வருஷமான பிறகு, தனியாகக் குடியிருக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் ஒரே பிடியாக நின்றான். அவனைப் போன்றவர்களுக்கென்றே ஒற்றை அறை வீடுகள் கொண்ட கட்டடம் ஒன்று இருந்தது. கீழே உதவிக்கு ஒரு அக்கா, மாடியில் அவரவர் வீடு. ஞாயிறு தொடங்கி சனி வரை முதல் ஏழு நாள் சோதனை. அவனே சமைத்து, துவைத்து, வேலைக்குப் போய் வந்து சமாளித்தால் வீடு அவனுக்கு. அதற்குள் வீட்டு மனிதர்கள் யாராவது உள்ளே காலடி வைத்தால், வீடு வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்கு.

"சரிங்க, சரிங்க" என்று பூட்டுக்காரர் தலையை ஆட்டினார். தலை மட்டும்தான் ஆடியது. பூட்டையும் உள்சங்கிலியையும் தானே மாட்டித் தருவதாக முந்திக்கொண்டார். சாவி இரண்டு: மகனுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. ஆனால் தொழில்காரர் கை சும்மா இருக்குமா? மூன்றாவதாக ஒன்றை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

மூன்று நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மகனிடமிருந்து டாணென்று போன் வந்தது. நான்காவது நாள் வரவில்லை. ஐந்தேகால் ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. இவர் அடித்தால் மணி போகிறது, எடுக்க ஆளில்லை.

"குளிச்சிட்டிருப்பான். பேசாம உக்காருங்க" என்றாள் மனைவி.

"ஒரு நட்டு வாங்கணும். இதோ வந்துடறேன்."

"நட்டு எங்க கழண்டிருக்குன்னு எனக்குத் தெரியும்."

கீழே இருக்கும் அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அது தனக்குத் தோன்றவே இல்லை என்று பிறகு சத்தியம் பண்ணினார். சத்தியம் பண்ணியதிலிருந்தே தெரியவில்லையா!

பூனை மாதிரி மாடியேறினார். கதவருகே போனதும் கருகல் வாசனை. படபடவென்று தட்டினார்.

"யாரு?" உள்ளிருந்து மகன் குரல்.

"அப்பாதான்டா. கதவைத் திற."

"அப்பா ஞாயித்துக்கிழமைதான் வருவாரு."

"நான்தான்டா அது! என் குரல் தெரியலையா?"

"குரலை நம்பிக் கதவைத் திறக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

சொன்னது வாஸ்தவம்தான். வருஷக்கணக்காகக் கதவுக்கு வெளியே நின்று, தபால்காரர் மாதிரியும் மாமா மாதிரியும் குரல் மாற்றிப் பேசி, அவர்தானே மகனைப் பழக்கினார்.

"என்னடா தீயற வாசனை?"

"ரொட்டி கருகிடுச்சு. அடுப்பை அணைச்சாச்சு. ஜன்னலைத் திறந்தாச்சு. இப்ப சட்டி தேய்க்கிறேன்."

"போனை எடுக்க வேண்டியதுதானே?"

"ஒரு நேரத்துல ஒரு வேலை."

அதுவும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். பிள்ளை பத்திரமாக இருக்கிறான், திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் முகத்தைப் பார்க்காமல் போக மனசு கேட்கவில்லை. கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. சாவி வெண்ணெயாகத் திரும்பியது. கதவு இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து, சங்கிலியில் டங்கென்று நின்றது.

இடுக்கில் மகனின் ஒரு கண் தெரிந்தது. அது அப்பாவைப் பார்க்கவில்லை, சாவியைப் பார்த்தது.

"சாவி ரெண்டுதானே?"

பூட்டுக்காரர் சாவியை உள்ளங்கையால் மறைத்தார்.

"இது மூணாவது" என்றான் மகன்.

"ஒரு அவசரத்துக்குன்னு வச்சிருந்தேன்டா..."

"என்னைக் கேக்கலையே."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் இவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். முப்பது வருஷத்தில் சொந்தக்காரரைக் கேட்காமல் அவர் ஒரு வீட்டையும் திறந்ததில்லை. அதில் அவருக்கு அத்தனை கர்வம். இன்றைக்குத் திறந்துவிட்டார், அதுவும் பெற்ற பிள்ளையின் வீட்டை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

இடுக்கு வழியாகச் சோப்பு நுரையோடு ஒரு கை நீண்டது. சாவியை உருவி அதில் வைத்தார். கதவு சாத்திக்கொண்டது.

திரும்பினால் படியில் அக்கா நிற்கிறாள். சத்தம் கேட்டு ஏறி வந்திருக்கிறாள்.

"உள்ள போனீங்களா?"

"எங்க விட்டான்மா!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அவன் சோதனையில குறையில்ல. உங்களைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை."

ஞாயிற்றுக்கிழமை சரியாக நாலு மணிக்கு, மனைவியோடு வந்து பெல் அடித்தார். கதவு இடுக்களவு திறந்தது, ஒரு கண் பார்த்தது, கதவு சாத்திக்கொண்டது, சங்கிலி கழன்றது, முழுசாகத் திறந்தது.

"உள்ள வாங்க. காலைத் துடைச்சுக்குங்க" என்றான் வீட்டுக்காரன். வீடு அவனுக்கென்று முந்தின நாளே முடிவாகியிருந்தது.

கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் அந்த மூன்றாவது சாவி தொங்கியது. கூடவே ஒரு சீட்டு, கொட்டை கொட்டையான எழுத்தில்: "அப்பா. அவசரத்துக்கு." பிள்ளை மன்னித்துவிட்டான் என்று பூட்டுக்காரர் ஆசையாகக் கையை நீட்டினார்.

"எடுக்காதீங்க. அது இங்கதான் இருக்கும்."

"ஏன்டா, உள்ள தொங்கினா அவசரத்துக்கு நான் எப்படிடா வர்றது?"

இப்படி ஒரு கேள்வியா என்பதுபோல இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தான்.

"பெல் அடிங்க. நான் திறப்பேன்."