காலரா வராத அபார்ட்மென்ட்

குகட்பள்ளி ஸ்ரீநிலயம் அபார்ட்மென்டுக்குக் காலரா வராது. வந்தால் செயலாளர் ஜகதீசனின் மானம் கப்பலேறிவிடும், அதனால் வராது. மூன்று நாளில் பதினோரு பேருக்கு வயிறு பிடுங்கிக்கொண்டு போனபோதும் மனிதர் அசரவில்லை. பானிபூரி வண்டிக்காரன் தலையில் பழியைப் போட்டுவிட்டு, வாட்ஸாப் குரூப்பில் அறிக்கை விட்டார்: "நம் தண்ணீர் சுத்தமானது. பயமின்றிக் குடிக்கலாம்."

இந்த மகானுக்குத் தண்ணீர் மேல் ஏன் இவ்வளவு பாசம்? ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீர், பக்கத்துக் கட்டடத்துக்குப் போகுமுன் தங்கள் தொட்டிக்கு வரவேண்டும் என்று, பொதுக்குழாயிலேயே நேராக மோட்டாரைப் பொருத்திய மூளை அவருடையது. அந்தப் பெருமையில் தினமும் ஒரு சுற்று பெருத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாடி நஸ்ரின் டாக்டர். திருச்சிக்காரி. வீடு தேடி வந்து சொன்னாள்.

"அங்கிள், அந்தக் குழாய் சாக்கடையை ஒட்டித்தான் போகுது. எங்கயாவது விரிசல் இருந்தா உங்க மோட்டார் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சிரும். எனக்குக் காலராவோன்னு சந்தேகமா இருக்கு. மோட்டாரை நிறுத்துங்க. எல்லாரையும் தண்ணியக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க."

"நக்கோம்மா, வேணாம்! அந்தப் பேரையே எடுக்காத! அதெல்லாம் குடிசைப் பக்கம் வர்றது. நம்மகிட்ட லிஃப்டே இருக்கு!"

கிருமிக்கு லிஃப்டில் ஏறத் தெரியாது என்பது அவருடைய விஞ்ஞானம்.

மறுநாள் காலை அவர் மனைவி பகவதி கட்டிலுக்கும் கக்கூஸுக்குமாக நடந்தாள். பத்து மணிக்கு மேல் நடக்கவும் முடியவில்லை. அரிசி களைந்த தண்ணீர் போல வெளுப்பாகப் போய்க்கொண்டே இருந்தது. "ஒரு வாய் தண்ணி தாங்களேன்" என்று கெஞ்சினாள். ஜகதீசனுக்கு வைத்தியமும் தெரியுமே! "குடிக்கக் குடிக்கப் போகத்தான் செய்யும். வயிறு காயட்டும்" என்று செம்பைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தார்.

மதியத்துக்குள் அவள் கண் குழி விழுந்து, குரல் கம்மி, கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. கையைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. அப்போதுதான் மனிதருக்கு உறைத்தது. ஐயோ, இவள் போய்விட்டால்? மூன்று மாடியையும் படியிலேயே விழுந்தடித்து ஏறினார்.

நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த நஸ்ரின் ஓடிவந்தாள். பகவதியின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

"எவ்வளவு தண்ணி குடுத்தீங்க?"

"வயிறு காயட்டும்னு செம்பை உள்ள வச்சிட்டேன்" என்றார் ஜகதீசன்.

"அங்கிள்! இந்த நோய்ல ஆளைக் கொல்றதே உடம்புல தண்ணி வத்திப்போறதுதான். போகப் போகக் குடுத்துக்கிட்டே இருக்கணும்!"

ஓஆர்எஸ் கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டே காரில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் ஊசி வழியாகச் சலைன் ஏறியது. பரிசோதனையில் காலரா என்றே வந்தது. "ரிப்போர்ட்ல ஃபுட் பாய்சனிங்னு போட முடியாதா?" என்று கேட்க வாயெடுத்த செயலாளர், நஸ்ரினின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிவிட்டு, வாட்ச்மேனைக் கூப்பிட்டு மோட்டாரை நிறுத்தச் சொன்னார்.

சாயங்காலம் பகவதி கண் விழித்தாள். உதடு வெடித்திருந்தது. ஜகதீசன் அழுதுகொண்டே டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவள் வாயருகே கொண்டுபோனார். இருபத்தெட்டு வருஷமாக அவர் சொன்னதை ஏன், எதற்கு என்று கேட்காதவள், வாயைத் திறக்கவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி நஸ்ரினைப் பார்த்தாள்.

"இவர் குடுக்காரு. குடிக்கலாமாம்மா?"