கயிற்றின் கடைசி ஆள்

எங்க கப்பல்ல பாய் ஏத்த மோட்டார் கிடையாது, கைதான். டூரிஸ்ட்டுங்க அதைப் பாக்கத்தான் டிக்கெட் எடுக்கிறாங்க. வரிசையா நின்னு கயித்தை இழுப்போம். பாய் உச்சிக்குப் போனதும் கேப்டன் ஃபஹத் "போதும்!"ம்பாரு, உடனே கையை விட்டுடுவோம். யாரும் திரும்பிப் பாக்க மாட்டோம். கடைசியில நிக்கிற கதிரேசன் அண்ணன் அதுக்குள்ள கயித்தைத் தளத்துல இருக்கிற முளைக்கட்டையில சுத்தி இறுக்கியிருப்பாரு. என்னிக்கும் அவர்தான்.

அந்த மனுஷன் போன வாரம் போய்ட்டாரு. புத்துநோய். ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "மங்களம், என்னைக் கரைக்கப் போறப்ப இஞ்சின் வேணாம் லா. பாய் கட்டித்தான் போகணும்." சரிண்ணேன்னுட்டேன். சொன்னா செய்யணும்ல?

ஞாயித்துக்கிழமை அவர் சம்சாரம் உமா அக்கா, செம்பவாங் வீட்டுலேர்ந்து அஸ்திக் கலசத்தை மடியில வெச்சுக்கிட்டு டாக்சியில வந்தாங்க. சாவு வீட்டுலகூட ஒரு சொட்டு அழல. எனக்கு அதுவே பயமா இருந்துச்சு.

தீவுங்களைத் தாண்டினதும் இஞ்சினை நிறுத்திட்டு இழுத்தோம். முன்னாடி நான், பின்னாடி அருண்ராஜ், சுந்தரம், ரோஷினி. எனக்கு அழுகையில கண்ணே தெரியல.

"போதும்!"

விட்டோம். பாயும் அதைத் தாங்குற கட்டையும் தடதடன்னு கீழ வந்து அக்கா பக்கத்துல விழுந்துச்சு. நல்லவேளை, யாருக்கும் அடி இல்ல.

"இன்னிக்கு வேணாம் மங்களம், இஞ்சின் போடுறேன்"னாரு கேப்டன்.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "எவன்டா கடைசியில நின்னது? கண்ணை எங்கடா வெச்சிருந்தே?"ன்னு கத்திக்கிட்டே திரும்பினேன்.

முளைகிட்ட யாருமே இல்ல.

"ஏன் மங்களம் விழுந்துச்சு?" அக்கா கேட்டாங்க.

"அண்ணன் பிடிச்சிருப்பாருன்னு நெனச்சு விட்டுட்டோம்க்கா."

அவ்வளவுதான். கலசத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அப்படி ஒரு அழுகை அழுதாங்க. நாங்களும் அழுதோம். வேற என்ன செய்யிறது, சொல்லுங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சாங்க. "இஞ்சின் வேணாம். ஏத்துங்க."

இந்தத் தடவை முளைகிட்ட நான் நின்னேன். அக்கா கலசத்தை என் காலடியில வெச்சிட்டு, எனக்குப் பின்னாடி வந்து கயித்து நுனியைப் பிடிச்சாங்க. பாய் ஏறிச்சு. "போதும்!"னாரு கேப்டன். முளையில சுத்தி இறுக்கினேன்.

"கட்டியாச்சு, விடுங்க"ன்னேன்.

ஒருத்தரும் கையை விடல.