கை கழுவிய தண்ணீர்

சாமிதுரை கறி தின்பதை விட்டுவிட்டார் என்ற செய்தி விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. பரப்பியவர் அவரே. 1970-ஆம் வருஷம் தை மாதம், வயிற்றுப்புண்ணுக்காக இயற்கை வைத்திய முகாம் ஒன்றில் பத்து நாள் கிடந்துவிட்டு வந்தவர், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வேறு மனிதராக இறங்கினார். வயிற்றில் ஈரத்துணி, கக்கத்தில் துண்டுப் பிரசுரக் கட்டு. அடுத்த மாதமே ஜங்ஷன் ரோட்டில் 'இயற்கை உணவு மற்றும் உயிரோம்பல் சங்கம்' என்று பலகை தொங்கியது. ரப்பர் ஸ்டாம்பு வந்து சேர்ந்த பிறகுதான் உறுப்பினர்களைத் தேட ஆரம்பித்தார்கள். பட்டறை டைப்பிஸ்ட் ஜெயராஜ் செயலாளர் ஆனார். மாதா கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற வேதக்காரர், வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டார் என்பது அவர் தகுதி. அன்றைக்கு மீன் உண்டா என்று தலைவர் கேட்கவில்லை, செயலாளரும் சொல்லவில்லை.

சங்கத்தில் தலைவர் என்றாலும் பிழைப்புக்கு அவர் மேஸ்திரிதான். ஊறுகாய் ஜாடியும் தலையாட்டிப் பொம்மையும் செய்கிற தனியார் பட்டறை ஒன்றில் கிளேஸ் பிரிவு அவர் பொறுப்பு. சூளையில் ஒருமுறை சுட்ட பண்டத்தை கிளேஸ் கரைசலில் முக்கியெடுத்து மறுபடி சுட்டால்தான் பளபளப்பு வரும். அந்தக் கரைசலில் செந்தூரம் என்று ஒரு சிவப்புப் பொடி சேரும். ஈயத்திலிருந்து எடுப்பது. பார்வைக்குக் குங்குமம் மாதிரி இருக்கும். வயிற்றுக்குள் போனால் ஆளைத் தின்னும். இவருக்கு முன்னால் அங்கே முக்கிக்கொண்டிருந்த பக்கிரி, வாயில் எப்போதும் செப்புக்காசை அடக்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று இரண்டு வருஷம் சொல்லித் திரிந்து, கடைசியில் மணிக்கட்டு இரண்டும் தொங்கிப்போய்ச் சோற்றுக் கவளத்தைத் தூக்க முடியாமல் வீட்டோடு போனவர்.

அதைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் சாமிதுரை இந்த ஒரு விஷயத்தில் நெருப்பு. அவர் பிரிவில் வெற்றிலை கூடாது, பீடி கூடாது. மத்தியானச் சங்கு ஊதினால் எல்லாரும் சிமெண்டுத் தொட்டியில் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிய பிறகுதான் சோற்றுப் பாத்திரத்தைத் தொடலாம். பதினெட்டு வருஷத்தில் அவர் கையால் யாருக்கும் கேடு வந்ததில்லை.

கேடு வந்தது, அவர் தோட்டம் போட்ட பிறகு.

கை கழுவிய தண்ணீரும், கிளேஸ் அண்டாக்களை அலம்பிய தண்ணீரும் ரோட்டுச் சாக்கடையில் வீணாய் ஓடுவது சங்கத்தலைவரின் கண்ணை உறுத்தியது. ஒரு சொட்டு நீரும் வீணாகக் கூடாது, ஒரு சாண் மண்ணும் மலடாகக் கூடாது என்று அவரே பிரசுரத்தில் அச்சடித்திருந்தார். முதலாளியிடம் கேட்டு, பட்டறைக்குப் பின்னால் உடைந்த ஜாடிகள் குவிந்துகிடந்த இடத்தைச் சுத்தம் செய்து, தொட்டியிலிருந்து கால்வாய் வெட்டி, முளைக்கீரையும் சிறுகீரையும் தண்டுக்கீரையும் விதைத்தார். இளஞ்சிவப்பாகப் பால் கலந்த மாதிரி ஓடிய தண்ணீரைக் காட்டி, "பூமித்தாய்க்குப் பால் வார்க்கிறேன்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். பால் ஊற்றுவது செத்தவர்களுக்கல்லவா என்று பொம்மை வார்க்கும் அச்சுப் பிரிவிலிருந்து ஒரு குரல் வந்ததாகக் கேள்வி. தலைவர் காதில் அது விழவில்லை.

கீரை வளர்ந்தது. கட்டுக் கட்டாகத் தொழிலாளர் வீடுகளுக்குப் போனது. எல்லாரையும்விட அதிகம் போனது பச்சமுத்து வீட்டுக்கு. பச்சமுத்து களிமண் பிசைகிறவன். அவன் பெண்டாட்டி கனகாவுக்கு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போய், இப்போது மூன்றாவது. முட்டை சாப்பிடு, ஈரல் சாப்பிடு என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கேள்விப்பட்டதும் சாமிதுரை நேரில் போனார். கோழியின் குஞ்சைத் தின்றா உன் குஞ்சை வளர்க்கப் போகிறாய் என்று கேட்டார். அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போனதால் இரண்டுமுறை கேட்டார். கனகா வளர்த்த ஐந்து கோழிகளில் நாலு விற்கப்பட்டன. தினம் ஒரு கட்டுக் கீரை, வேகவைத்த தண்ணீரோடு, தலைவர் செலவில். அவள் வயிற்றுப் பிள்ளையைச் சங்கத்தின் சாதனைப் பட்டியலில் ஏழாவதாகச் சேர்த்தும்விட்டார்.

கீரை வீடுகளுக்குப் போக ஆரம்பித்து மூன்றாவது மாதம் முடிகிற சமயத்தில் கிளேஸ் பிரிவுக்குப் புதிதாக வந்தாள் பூவாயி. கம்மாபுரத்துப் பக்கத்துக்காரி. வந்த நாலாம் நாள், சாப்பிட்டு முடித்த தூக்குச்சட்டியைக் கைகழுவும் தொட்டியில் முக்கப் போனாள். சாமிதுரை ஓடிவந்து சட்டியைப் பிடுங்கினார்.

"அதுல கழுவாத. அது வெஷத் தண்ணி. அந்தப் பக்கம் கொழாய் இருக்குதில்ல?"

பூவாயி தொட்டியைப் பார்த்தாள். தொட்டியிலிருந்து போகிற கால்வாயைப் பார்த்தாள். கால்வாய் போய்ச் சேருகிற இடத்தையும் பார்த்தாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

"ஏங்க மேஸ்திரி, சட்டிக்கு ஆவாத தண்ணி கீரைக்கு மட்டும் ஆவுங்களா?"

மண் என்பது மாபெரும் சல்லடை, வேர் என்பது இயற்கையின் வைத்தியர் என்று தலைவர் கால்மணி நேரம் விளக்கினார். பூவாயி தலையாட்டினாள். சட்டியைக் குழாயில் கழுவினாள். சொல்லச் சொல்ல சாமிதுரைக்குத் தன் குரல் தூரத்தில் யாரோ மைக்கில் பேசுகிற மாதிரி கேட்டது. பதினெட்டு வருஷமாகக் கழுவு கழுவு என்று கத்தியவர், கழுவியது எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

அன்றைக்கு வீட்டில் சிறுகீரைக் கடைசல். சோற்றில் பிசையப் போன கை நின்றது.

"சங்கத்துத் தலைவருக்குக் கீரை எறங்கலியா?" என்றாள் அவர் மனைவி நீலாவதி.

வயிறு சரியில்லை என்றார். நாளையிலிருந்து தோட்டத்துக் கீரை வேண்டாம், வெயில் காலத்துக்குச் சூடு என்றார். அவர் வீட்டில் அன்றோடு நின்றது. கனகா வீட்டில் நிற்கவில்லை. இந்தக் கணக்கு அவருக்குப் பிற்பாடு பலமுறை நினைவுக்கு வந்தது.

நிறுத்தலாம். நிறுத்தினால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் சொல்ல வேண்டும். சொன்னால் பலகையைக் கழற்ற வேண்டும். அது மட்டுமா, மாதிரித் தோட்டத்தை முறைப்படி திறந்துவைக்கத் தாசில்தார் அடுத்த மாதம் தேதி கொடுத்திருந்தார். நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது. வெறும் சந்தேகத்தை நம்பி ஒரு நல்ல காரியத்தைக் கெடுக்கலாமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். கெடுக்கக் கூடாது என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒருநாள் கனகா வீட்டுக்குப் போனார். அவள் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தவளை வேண்டாம் என்று அமர்த்தி, உடம்பு எப்படி என்று விசாரித்தார். சுருட்டிச் சுருட்டி இழுக்கிறது, மலம் இறங்கமாட்டேன் என்கிறது, முழுகாமல் இருந்தால் இப்படித்தானே என்றாள்.

"வாய்தான் ஒரு மாதிரி இருக்குதுங்க. செப்புக்காசச் சப்புன மாதிரி."

பக்கிரி சொன்ன அதே வார்த்தை. சாமிதுரை அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வந்தது வேறு.

"இனிமே கீரைய வேகவச்சுத் தண்ணிய வடிச்சுக் கொட்டிரும்மா."

"தண்ணிலதான் சத்து இருக்குது, கொட்டுறது பாவம்னு நீங்கதான சொன்னீங்க? நோட்டீஸ்லகூடப் போட்டிருக்குதே."

"அது... பழைய நோட்டீஸ்."

மறுநாள் விடியும் முன்பே அவர் மார்க்கெட்டில் நின்றார். மணிமுத்தாற்றங்கரையில் பயிரிட்டுக் கொண்டுவரும் பெரியநாயகியிடம் முளைக்கீரை வாங்கி, அவள் கட்டியிருந்த பனைநாரை அவிழ்த்து, தோட்டத்து வழக்கப்படி வாழைநாரால் கட்டி, கனகாவுக்கு அனுப்பினார். தன் தோட்டத்துக் கீரை என்று ஊரை நம்பவைக்க ஆற்றங்கரைக் கீரையைத் திருட்டுச் சாமான் மாதிரி துண்டுக்குள் மறைத்து எடுத்துப் போகிற ஒரே இயற்கை உணவுத் தலைவர் அந்த ஜில்லாவிலேயே அவர்தான். மற்ற வீடுகளுக்குத் தோட்டத்துக் கட்டுகளை பாதியாகக் குறைத்தார். பூச்சி விழுந்துவிட்டது என்றார். ஏதோ பரிகாரம் செய்கிற மாதிரி மனசு கொஞ்சம் அடங்கியது. ஒரு வாரம் தூங்கவும் செய்தார்.

அந்த வாரக் கடைசியில் பச்சமுத்து களிமண் கையோடு வந்து நன்றி சொன்னான். தலைவர் அனுப்புவது ஒரு கட்டுதான், வயிற்றில் இருப்பதும் சேர்த்து இரண்டு உயிருக்கு எப்படிப் போதும், அதனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தானே தோட்டத்தில் இரண்டு பிடி பறித்துப் போவதாகச் சொன்னான். தண்டு கொழுகொழுவென்று இருக்கிறதாம். தவறு ஒன்றும் இல்லையே என்று கேட்டான்.

பறிக்காதே என்று சொல்ல வாய் திறந்தார். பக்கத்தில் ஜெயராஜ் நின்றிருந்தார், திறப்பு விழா நோட்டீஸ் கட்டோடு.

"தொறப்பு விழா முடியிற மட்டும் பறிக்க வேணாம் பச்சமுத்து. தாசில்தாரு பாக்கணுமில்ல, செழிப்பா இருக்கட்டும்."

"ஒரு ஓரமாத்தான் கிள்ளுறேன் மேஸ்திரி. தெரியவே தெரியாது."

அவர் ஜெயராஜ் கையிலிருந்த நோட்டீஸில் ஒன்றை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். ஓரம் என்பது கால்வாய் வந்து விழுகிற இடம் என்று அவருக்குத் தெரியும்.

விழா காலை பத்து மணிக்கு. வாழைமரம், மைக் செட்டு, தாசில்தாருக்குச் சோபா. சாமிதுரை இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவோடு வந்திருந்தார். மேடையிலேயே சொல்லிவிடுவது. நாலு பேர் முன்னால் சொன்னால் பாவம் குறையும் என்று அவருக்கு ஒரு எண்ணம். அப்படிச் சொல்கிறவனுக்குக் கிடைக்கிற மரியாதை பற்றியும் ஓரத்தில் ஒரு எண்ணம் இல்லாமல் இல்லை. மைக்கைப் பிடித்தார்.

பிடித்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. "பெருமதிப்பிற்குரிய வட்டாட்சியர் அவர்களே, இப்பசுந்தோட்டத்தின் பெருமையில் எனக்குப் பங்கில்லை. பழியில் மட்டுமே பங்குண்டு. இங்கு பாய்வது நீரல்ல, என் அறியாமை. இங்கு விளைந்திருப்பது கீரையல்ல, அடியேனின் பிழை. இதனை உண்டோர் அனைவரும் என்னை மன்னிக்க வேண்டும்" என்றார். குரல் உண்மையாகவே உடைந்தது. கண்ணிலும் நீர் வந்தது.

கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. இப்படி ஒரு அடக்கத்தை நான் எந்தத் தாலுகாவிலும் கண்டதில்லை என்று தாசில்தார் பேசினார். சால்வை போட்டார். பிறகு ஜெயராஜ் பெயர் படிக்க, முன்மாதிரித் தாய் என்று கனகாவை மேடைக்கு அழைத்து, தோட்டத்தில் அப்போதுதான் பறித்த பெரிய கட்டுக் கீரையை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் சாமிதுரையும் இருக்கிறார், வாய் பாதி திறந்தபடி.

சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு சாமிதுரை கனகாவின் பின்னாலேயே ஓடினார். அவள் வீட்டு வாசலில்தான் எட்டிப் பிடிக்க முடிந்தது. பச்சமுத்து உள்ளே முறத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"அத ஆக்காத கனகா," என்றார். "அது கிளேஸ் தொட்டித் தண்ணில வெளஞ்சது. செந்தூரத் தண்ணி. நான்தான் பாச்சுனேன். ஒன் வவுத்து வலி அதுனாலதான்."

மேடையில் அத்தனை பேச்சில் வராதது வாசலில் ஒரு மூச்சில் வந்துவிட்டது. பச்சமுத்து முறத்தோடு அப்படியே நின்றான். கனகா கட்டைக் கீழே வைத்தாள். வைத்த கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா உங்களுக்கு?"

ஆமாம் என்று சொல்ல அவருக்கு இடம் இருந்தது. கேள்வியே வழிவிட்டுத்தான் நின்றது. எதிரில் கனகாவின் முகத்தில், அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற ஆசைகூட இருந்தது.

"இல்ல. மூணு வாரமாச்சு."

பச்சமுத்து முறத்தைச் சுவரோரம் சாய்த்தான். சாய்க்கத்தான் செய்தான், எறியவில்லை. மூணு வாரத்தில் எத்தனை வேளை என்று கனகா எண்ணுகிறாள் என்பது உதட்டைப் பார்த்தால் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும்," என்றாள் கடைசியில். "நீங்களும் வாங்க. நாங்க சொன்னா டாக்டருக்குப் புரியாது. அந்தத் தண்ணில என்னா இருக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

பெரியாஸ்பத்திரியில் பிள்ளைத்தாய்ச்சிகள் வரிசை வாசல்வரை நின்றது. அந்த வரிசையில் பச்சமுத்துவைத் தவிர்த்தால் ஒரே ஆண்பிள்ளையாக, நெற்றியில் விழாச் சந்தனம் காயாமல், சாமிதுரை கனகாவுக்குப் பின்னால் நின்றார். மேஸ்திரியைத் தெரிந்த இரண்டு பேர் வணக்கம் வைத்தார்கள். முன்னால் நின்ற பச்சமுத்து ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

உள்ளே டாக்டர் அம்மா அவள் உதட்டைப் புரட்டி ஈறைப் பார்த்தார். மணிக்கட்டை நீட்டச் சொன்னார். சாமிதுரை செந்தூரம், ஈயம், கால்வாய், கீரை என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னதை நிமிராமல் கேட்டுக்கொண்டார். மற்ற வீடுகளின் பெயரையும் கேட்டார். சாமிதுரை பதினாறு பெயர் சொன்னார். குழந்தைக்கு என்ன ஆகும் என்று பச்சமுத்து கேட்டதற்கு, துடிப்பு இருக்கிறது, மற்றதைப் பிறந்த பிறகுதான் பார்க்க முடியும் என்றார் டாக்டர் அம்மா.

"எவ்வளவு நாளா இந்தக் கீரைய சாப்பிடுறாங்க?" என்று எழுதிக்கொண்டே சாமிதுரையிடம் கேட்டார்.

அவர் வாய் திறப்பதற்குள் கனகா சொன்னாள்.

"நாலு மாசம் ஆவப் போவுதுங்க. அதுல கடைசி மூணு வாரம் இவருக்குத் தெரிஞ்சே."

டாக்டர் அம்மாவின் பேனா நின்றது. முதல்முறையாக நிமிர்ந்து சாமிதுரையின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து இரண்டையும் எழுதிக்கொண்டார்.