ஒன்றே முக்கால் பவுன் ஃபெர்னெல்

பிரத்யும்னனின் கடிகாரத்தைப் பார்த்து மனிதர்கள் கேட்கும் கேள்விகள் மொத்தம் இரண்டுதான். என்ன கம்பெனி? எத்தனை பவுன்? முதல் கேள்விக்கு அவர் பதில் சொன்னதும் கேட்டவர் முகம் சுருங்கும், அந்தப் பெயரை அவர் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டிருக்க மாட்டார். இரண்டாவதற்குப் பதில் சொன்னதும் இன்னும் சுருங்கும். துறைமுகத்தில் இருபத்தாறு வருடமாக கிளியரிங் ஏஜெண்டாக இருக்கிறவருக்கு ஒரு ரோலக்ஸ் கட்ட வக்கில்லையா என்று ஒரு லாரி ஓனர் நேரடியாகவே கேட்டுவிட்டார். அதுவும் ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் பாயசம் விழும் நேரத்தில்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு பாயசத்தைக் குடித்து முடித்தார். வேறு என்ன செய்ய?

அவர் சேர்ப்பது ஒரு குறிப்பிட்ட வகை. தங்கக் கூடு, தோல் வார், இரண்டு ஒற்றை ரூபாய் நாணயங்களை அடுக்கிய கனம்கூட இல்லாத மெலிவு. சட்டைக் கையின் அடியில் சத்தமில்லாமல் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். ஐம்பது, அறுபது வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு மலைக்கிராமத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து செய்து, விற்க முடியாமல் கடையை மூடிப்போன பெயர்களாக இருக்க வேண்டும். பேர்பெற்ற கடிகாரத்தைப் பணமிருக்கிற எவனும் வாங்கலாம், பேரில்லாததை வாங்கக் கண் வேண்டும் என்பது அவருடைய கட்சி. அந்தக் கண் தமக்கு இருப்பதாக அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தைப் பாராட்டத்தான் தூத்துக்குடியில் ஆள் கிடைக்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். முப்பத்தொரு கடிகாரத்துக்குப் போட்ட காசைத் தங்கமாகவே வாங்கியிருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருக்கும் என்பது அவர் மனைவி பத்மஸ்ரீயின் கணக்கு. தென்திருப்பேரையில் இருக்கும் மாமனார் வரைக்கும் அந்தக் கணக்கு போய்ச் சேர்ந்திருந்தது.

அவரைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் ஜெரால்டு. மாதா கோயில் பக்கம் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் கடை வைத்து வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவர். இந்த ஊர்க் காற்றில் இருக்கிற உப்பு பழைய கடிகாரத்தின் டயலை எப்படிப் புள்ளி புள்ளியாகத் தின்னும், கை வியர்வை கூட்டுக்குள் இறங்கி மிஷினை எப்படி அரிக்கும் என்பதெல்லாம் ஜெரால்டுக்கு அத்துப்படி. மாசுமருவில்லாத ஒரு பழைய கடிகாரம் இந்தக் கரையில் கிடைப்பது மலையாளக் கரையில் வெயில் கிடைக்கிற மாதிரி, ஆடி மாதத்தில், என்பார்.

அப்படி ஒன்று கிடைத்தது. கிடைத்தது என்று சொல்லக் கூடாது. கண்ணில் பட்டது.

ஆறு வருடத்துக்கு முன்னால், கப்பலில் வந்த ஒரு சரக்குக்குக் கையெழுத்து வாங்கப் பிரத்யும்னன் காயல்பட்டினம் போயிருந்தார். மூஸா காக்கா என்று ஊரே அழைக்கும் எழுபது வயதுக்காரர், கொழும்பில் ரத்தினக்கல் வியாபாரம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பாஸ்போர்ட் எடுக்க இரும்பு அலமாரியைத் திறந்தபோது ஒரு பச்சைப் பெட்டியும் கூடவே வந்தது. அதற்குள் இருந்தது ஃபெர்னெல்.

ஃபெர்னெல் என்றால் மூன்று அண்ணன் தம்பிகள். மொத்தமே இருநூறு கடிகாரம் செய்துவிட்டுச் செத்துப்போனவர்கள். அதன் படத்தை ஒரு பழைய ஏலப் புத்தகத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தார் பிரத்யும்னன். இப்போது நேரில் இருந்தது. பாலேடு நிறத்தில் டயல், அதில் ஒரு புள்ளிகூட இல்லை. கூட்டில் ஒரு கீறல் இல்லை. எப்படி இருக்கும்? யாரும் கட்டியதே இல்லையே. கல் வாங்க வந்த ஒரு சுவிஸ்காரர், கணக்கில் தமக்குத் தெரியாமல் போன ஒரு தவற்றை மூஸா தாமாகவே சொல்லித் திருத்தியதற்காகத் தன் கையிலிருந்ததைப் போல ஒன்றை வரவழைத்து அன்பளிப்பாகக் கொடுத்தாராம். மறுக்க முடியவில்லை. ஆனால் மார்க்கப்படி ஆண்பிள்ளைக்குத் தங்கம் ஆகாது. எனவே பெட்டியில் வைத்துப் பூட்டி, வருடாவருடம் ஒரு குத்துமதிப்பான எடைக்கு, ஏழைகளுக்கான பங்காக, ஜகாத்தும் கொடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மட்டும் எடுத்துச் சாவி கொடுத்துவிட்டுத் திரும்ப வைப்பார். ஓடுற பொருளை அடைச்சு வைக்கிறது பாவம் தம்பி என்றார்.

பிரத்யும்னனுக்கு அன்று வீடு திரும்பிய வழியே நினைவில்லை.

அடுத்த தடவை போனபோது மூஸா காக்கா வெள்ளந்தியாகக் கேட்டார், இதற்கு என்ன மதிப்பு இருக்கும் என்று. அங்கேதான் நம்மவர் வாயைத் திறந்தார். தங்க விலையைப் போலப் பல மடங்கு கொடுக்க வெளிநாட்டில் ஆள் உண்டு என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னார்.

"பேரில்லாத கம்பெனி காக்கா. மிஷினெல்லாம் தூரப் போட வேண்டியதுதான். உள்ள தங்கத்துக்கு மட்டும் விலை உண்டு. பழைய தங்கமா நெனச்சு எனக்குத் தந்தா, அன்னைக்கு விலைக்கு எடுத்துக்கிடுதேன்."

அன்பளிப்பை விற்பதில்லை என்று மூஸா சிரித்துவிட்டார். பிரத்யும்னன் விடவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி உப்பளம் என்று வண்டியை ஓட்டிக்கொண்டு போவார். பழமும் தேத்தண்ணியும் வரும். முட்டை சேர்ந்திருக்கும் என்பதால் பலகாரம் எதையும் அவர் தொடமாட்டார் என்பதை மூஸாவின் மனைவி மரியம் முதல் நாளே கேட்டுத் தெரிந்து வைத்துக்கொண்டார். அந்த ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சேர்ந்தது. அதனால் அது மரியமின் வீடு, மூஸா அதில் ஐம்பது வருடத்து மாப்பிள்ளை. அந்த அம்மாள் வெளியே வந்ததில்லை, கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து நலம் விசாரிப்பதோடு சரி. ஒவ்வொரு தடவையும் பிரத்யும்னன் அதே பாட்டைப் பாடுவார். மிஷின் குப்பை, தங்கம்தான் காசு.

ஜெரால்டுக்கு இது பிடிக்கவில்லை. "சார், கஸ்டம்ஸ்ல உங்க பார்ட்டிக்கெல்லாம் என்ன சொல்லுதிய? சரக்கு விவரத்தை மாத்தி எழுதினா அபராதம் மட்டுமில்ல, சரக்கே போயிரும்னுதானே? அந்தப் பெரியவர்ட்ட மட்டும் ஏன் மாத்திச் சொல்லுதிய?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். அது வேற, இது வேற என்றார் பிரத்யும்னன். கோபித்துக்கொண்டு ஒரு மாதம் கடைப் பக்கம் போகவில்லை.

போன வியாழக்கிழமை மூஸா காக்காவே போன் செய்தார். ஹஜ்ஜுக்குப் போகப் பெயர் வந்துவிட்டது, புறப்படும் முன் வீட்டில் தீர்க்க வேண்டியதையெல்லாம் தீர்க்கிறேன், அதை உங்களுக்கே தந்துவிடுகிறேன், அந்தக் காசை ஒரு ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று மரியமும் சொல்லிவிட்டாள், நாளை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வாருங்கள் என்றார். "நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் தயார் பண்ணி வச்சிருக்கேன்" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிரத்யும்னன் சந்தோஷத்தில் காதில் வாங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்தே எல்லாம் எரிச்சல்தான். ஒரு கண்டெய்னரைச் சோதனைக்கு நிறுத்திவிட்டார்கள். சீல் நம்பரில் ஒரு எழுத்து தப்பு. அதைத் திருத்தி முடித்து வெளியே வந்தால் நிலக்கரி லாரிகள் வாசல்வரை வரிசை கட்டி நின்றன. ஒருவனும் ஒதுங்கவில்லை. இரண்டு மணிக்குக் காயல்பட்டினத்தில் இருக்க வேண்டியவர் மூன்றரைக்குத்தான் போய்ச் சேர்ந்தார். பக்கத்து இருக்கையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. தேக்கில் சொல்லிச் செய்தது, உள்ளே நீல வெல்வெட், நடுவில் ஃபெர்னெல் அளவுக்கு வட்டமாக ஒரு குழி. நாலு வருடத்துக்கு முன்னாலேயே செய்து வைத்தாயிற்று. வழி நெடுக அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார்.

மரப்பெட்டியை உள்ளே கொண்டுபோய்ப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழமும் தேத்தண்ணியும் வந்தன. மூஸா காக்கா தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. முகத்தில் ஒரு வேலையை ஒழுங்காக முடித்த மனிதனின் திருப்தி. பச்சைப் பெட்டியைக் காணோம். சட்டைப் பையிலிருந்து நகைக்கடைக்காரர்கள் கொடுக்கும் சிவப்புக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜைமேல் பிரித்தார்.

அதில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு தங்கக் கட்டி கிடந்தது.

பிரத்யும்னன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது என்ன என்று அவருக்குப் புரிந்தது, ஆனாலும் புரியவில்லை.

மூஸா விளக்கினார். எடை தெரியாமல் தங்கத்தை விற்றால் ஒன்று உங்களை ஏமாற்றியதாகும், இல்லை அந்தப் பெண்ணை ஏமாற்றியதாகும். கூட்டுக்குள் கண்ணாடி, இரும்பு என்று என்னென்னவோ இருக்கிறது, அதோடு சேர்த்து எப்படி நிறுக்க? அதனால் பத்தரிடம் கொடுத்துப் பிரித்து உருக்கச் சொன்னேன். ஒன்றே முக்கால் பவுன், ஒரு குண்டுமணி கூடக் குறைச்சலில்லை. நான் ஜகாத் கொடுத்து வந்தது இரண்டு பவுனுக்கு, அல்ஹம்துலில்லாஹ், குறைத்துக் கொடுத்துவிடவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னொண்ணும் இருக்கு தம்பி. பள்ளிவாசல் ஆலிம்சா அப்படியே விக்கலாம்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு ஒப்பல. ஆம்பள கட்டுற தங்கமா அதை என் கையால குடுக்க வேண்டாமேன்னு பாத்தேன். நீங்களும் தங்கம் மட்டும் போதும்னுதானே சொன்னிய. ஒருக்கா இல்ல, ஆறு வருசமா."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஒரு தடவை கத்திக் கெட்ட தவளைக்குத்தான் அந்தப் பழமொழி. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எழுபது கிலோமீட்டர் போக வர வண்டி ஓட்டி, தேத்தண்ணி குடித்துவிட்டுக் கத்திய தவளைக்கு என்ன சொல்வது? பிரத்யும்னனுக்கு மேஜையைக் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. பத்தரின் சுத்தியலைப் பிடுங்கித் தன் தலையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இருநூறில் ஒன்று. வெண்ணெய் திரண்டு வந்த நேரத்தில் தாழி உடைந்தது, உடைத்தது யார் என்று தேடவும் வேண்டியதில்லை.

"மிஷின்?" என்றார்.

மூஸா காக்கா கொஞ்சம் கூச்சத்தோடு உள்ளே போய் ஒரு மாத்திரை டப்பாவைக் கொண்டு வந்தார். பத்தர் குப்பையில் போடப் போனாராம். ஓடிக்கொண்டிருந்த பொருளைப் போட மனசு வரவில்லை என்று வாங்கி வந்துவிட்டாராம். உள்ளே பஞ்சின்மேல் மிஷின் கிடந்தது. குறட்டால் நெம்பியதில் டயல் இரண்டாக மடிந்து, ஃபெர்னெல் என்ற பெயரில் முதல் இரண்டு எழுத்து பெயர்ந்து போயிருந்தது. முட்கள் இல்லை. ஆனால் சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாவி கொடுத்திருக்கிறார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து மரியமின் குரல் வந்தது. உரத்த குரல் இல்லை.

"நான் அப்பவே சொன்னேன். தங்கம் பஜார் பூராவும் கிடக்கு. அதுக்காக ஒரு மனுசன் ஆறு வருசம் நடப்பாரா? தங்கக் கட்டி வாங்க வாறவங்க வெல்வெட்டுப் பெட்டியா கொண்டு வருவாங்க?"

மூஸா அப்போதுதான் அந்த மரப்பெட்டியைப் பார்த்தார். அதன் நடுவில் இருந்த வட்டக் குழியைப் பார்த்தார். பிறகு பிரத்யும்னனின் முகத்தைப் பார்த்தார். காக்காவின் திருப்தி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"உண்மையா தம்பி? இந்த மிஷினுக்காகவா வந்திய? நான் கெடுத்துட்டேனா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால், அடுத்ததாக, பிறகு ஏன் குப்பை என்று சொன்னாய் என்ற கேள்வி வரும். கேட்கக்கூட மாட்டார் இந்த மனிதர், தாமாகவே புரிந்துகொள்வார். கணக்கில் இருந்த தவற்றைத் தாமாகச் சொல்லி இந்தக் கடிகாரத்தைப் பரிசாக வாங்கியவர். அவரிடமிருந்து அதை எப்படித் தட்டிப் பறிக்கப் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது? பிரத்யும்னனுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் கண் கரித்தது.

"இல்ல காக்கா" என்றார். "தங்கத்துக்குத்தான்."

மூஸா பெருமூச்சு விட்டார். பணத்தை வாங்கிக்கொண்டு, கொழும்பு வியாபாரிக்குரிய ஒழுங்கோடு, முன்பே எழுதி வைத்திருந்த ஒரு தாளை நகர்த்தினார் மூஸா.

"விவரம் சரியா இருக்கான்னு பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க தம்பி."

இருபத்தாறு வருடமாகத் தன் மேஜைக்கு எதிரே உட்காருகிறவர்களிடம் பிரத்யும்னன் சொல்லி வரும் வார்த்தைகள் அவை. தாளை எடுத்து வாசித்தார். பழைய தங்கம், ஒன்றே முக்கால் பவுன், உருக்கியது. மிஷினுக்கு மதிப்பில்லை என்று வாங்குபவர் சொன்னது.

மாத்திரை டப்பாவுக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை முதலிலிருந்து வாசித்தார். விவரத்தில் ஒரு பிழையும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.