எட்டு நாள் தண்ணீர்

கண்டக்டர் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீணாகாது என்பது தெருவுக்கே தெரியும். தெரியும்படி அவர் சொல்லி வைத்திருந்தார். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட சின்ன வீடு. குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் பைப் வழியாகப் பின்பக்கம் போய், மணலும் ஜல்லியும் போட்ட தொட்டியில் வடிந்து, ஒரு நீல டிரம்மில் சேரும். டிரம்மின் அடியில் வால்வு. அதைத் திறந்தால் வாழைக்கும் எலுமிச்சைக்கும் பாயும். ஆறு லீவு நாளைச் செலவழித்து அவரே செய்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், செருப்பைக் கழற்றுவதற்குள் இழுத்துக்கொண்டு போய்க் காட்டிவிடுவார்.

செய்தது அவர். தினமும் சாயங்காலம் வால்வைத் திறந்து டிரம்மைக் காலி செய்தது அவர் மனைவி. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. அதை ஒரு வேலையாகவே அவர் நினைக்கவில்லை.

தங்கைக்குப் பிரசவம் என்று மனைவி ஊருக்குக் கிளம்பினாள். "தண்ணிய அன்னன்னைக்கே விட்டுடுங்க. மறந்துடாதீங்க" என்றாள்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏற்றிவிட்டார்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. செடிக்குத்தான் மழையே போதுமே என்று வால்வை இறுக்கி மூடினார். நிறைந்தால் மிச்சம் சாக்கடைக்குப் போக வழி வைத்திருந்ததால் டிரம் பொங்கவில்லை. அவருக்கும் அதன் நினைவு வரவில்லை.

நான்கு நாள் கழித்து நாற்றம் கிளம்பியது. அழுகிய முட்டை நாற்றம். சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தால் குமட்டியது. மூக்கைச் சுளித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். மதில் ஓரம் போனால்தான் ஆளையே தூக்கியது. மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா வீட்டு ஜன்னல். உள்ளே அவள் புருஷன், பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகப் படுக்கையில் இருக்கும் தச்சர். கண்டக்டருக்கு அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை. டிரம்மின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் காற்று போவதற்காக அவரே நட்ட பைப், மதிலைத் தாண்டி அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

மறுநாள் காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது மதிலருகே நின்று கூப்பிட்டார். பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்டுப் பழகிய குரல். வாசலில் பால்காரர் நின்றிருந்தார். எதிர்வீட்டு குமாஸ்தா பேப்பரை மடித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"ஏம்மா, படுத்திருக்கிற மனுஷனைக் கொஞ்சம் சுத்தமா வெச்சுக்கக் கூடாதா? இந்தப் பக்கம் ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது!"

தையல்காரம்மா கையில் இருந்த துணியோடு ஜன்னலில் வந்து நின்றாள். முகம் வெளிறிப்போயிற்று. "மன்னிச்சுக்குங்கண்ணா" என்று மட்டும் சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் தையல் மெஷின் சத்தம் குறைந்தது. பக்கெட் சத்தமும் தேய்த்துக் கழுவும் சத்தமும் கேட்டன. பினாயில் வாடை மதிலைத் தாண்டி வந்தது. நாற்றம் மட்டும் போகவில்லை. 'இன்னும் ஒழுங்கா கழுவலை' என்று நினைத்துக்கொண்டார் கண்டக்டர்.

இரண்டு நாளில் மனைவி திரும்பி வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை, நேராகப் பின்பக்கம் போனாள். டிரம் மூடியைத் தூக்கியவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர் மையாகக் கறுத்து, மேலே வெள்ளை ஆடை படர்ந்திருந்தது.

"மழை ஆரம்பிச்சதிலேர்ந்து எட்டு நாளா விடவே இல்லையா? சோப்புத் தண்ணியும் அழுக்கும் ஒரு நாளைக்கு மேல நின்னா நாறாம என்ன பண்ணும்?"

அவர் மதிலையும் பைப்பையும் மாறி மாறிப் பார்த்தார். வாழைக்குப் பின்னால் குழி வெட்டி அவ்வளவையும் கொட்டி மண்ணை இழுத்து மூடினார்.

இரண்டு நாளில் நாற்றம் சுத்தமாகப் போயிற்று. அன்று சாயங்காலம் தையல்காரம்மா தானாகவே வாசலுக்கு வந்தாள். கண்டக்டருக்கு உள்ளே ஓடி ஒளியலாம் போலிருந்தது.

"அண்ணா, இப்ப வாடை இல்லைல்ல? தினம் மூணு வேளை துடைக்கிறேன். அவருக்கு முதுகுல தோல் உரிஞ்சுடுச்சு, அதனால இனிமே ரெண்டு வேளை போதுமான்னு... ஜன்னலை மட்டும் தொறந்துக்கட்டுமா? உள்ள ரொம்பப் புழுங்குது அவருக்கு."

"தொறந்துக்கம்மா" என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

உள்ளிருந்து மனைவி வந்து நின்றாள். "எதுக்கு அவ உங்ககிட்ட அனுமதி கேக்கிறா?"

சொன்னார். மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை; அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காதவள்போல விளக்கைப் போடப் போனாள்.

காலையில் யூனிஃபார்மைக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்குப் போனார். வாசற்படியில் நின்றபடியே, "நாத்தம் எங்க வீட்டு டிரம்மிலேர்ந்து வந்ததும்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நேத்தே சொல்லியிருக்கணும்" என்றார்.

தையல்காரம்மா வழியை விட்டு விலகி நின்றாள். பிறகு, "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? உள்ள வந்து அவர்கிட்ட சொல்லுங்க. அவருக்கு வாய்தான் வராது, காது நல்லாக் கேக்கும். அன்னையிலேர்ந்து ராத்திரி சாப்பாடு வேண்டாம்னு தலையாட்டிடறார். படுக்கை அசிங்கமாயிடும்னு பயம்" என்றாள்.

கண்டக்டர் கட்டிலருகே போனார். தச்சரின் கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "அண்ணே" என்று தொடங்கியவருக்கு, பஸ் முழுக்கக் கேட்கும் அந்தக் குரல் எங்கே போயிற்றோ, பாதியில் கம்மிவிட்டது. ஒருவழியாகச் சொல்லி முடித்தார். தச்சர் அவரையே பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்து பால்காரரிடமும் குமாஸ்தாவிடமும் சொன்னார். "அப்படியா? நான் இன்னும் நாலு பேர்கிட்ட சொல்லிட்டேனே" என்றார் குமாஸ்தா. அந்த நாலு வீட்டுக்கும் கண்டக்டர் நடந்தார். ஒருவர் சிரித்தார், ஒருவர் உட்காரச் சொன்னார். எங்கும் அவர் உட்காரவில்லை.

காற்று பைப்பை அன்றே பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டார். வால்வை இப்போது அவரேதான் திறந்துவிடுகிறார். தையல்காரம்மா அவர் மனைவியோடு பழையபடி பேசுகிறாள். அவர் வந்தால் பேச்சைச் சுருக்கிக்கொண்டு போய்விடுகிறாள்.

பத்து நாள் கழித்து, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி சொன்னாள்: "நேத்து ராத்திரி அந்த அண்ணன் சாப்பிட்டாராம். ரெண்டாவது தடவையும் ஜாடை காட்டி வாங்கினாராம்."

"ம்" என்றார் கண்டக்டர். தட்டிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.